கையளவும் பையளவும்

கருவியைத் தெரிவுசெய்தல் கலை பயில்வோர் எதிர்நோக்கும் முதற் சோதனையாகும். ஓலையில் எழுதிய காலத்தில் எழுத்தாணி பிடித்தவன் தன் விரலுக்கும் ஓலையின் பதத்துக்கும் இசைந்த ஆணியையே நாடினான். ஆணி மிகக் கூரியதாயின் ஓலை கிழியும். மழுங்கியதாயின் எழுத்து விழாது. தமிழெழுத்துகள் வளைவு மிக்கனவாய் அமைந்தமைக்கு ஓலையும் எழுத்தாணியும் ஒரு காரணம் என்று கூறுவாரும் உளர். கடதாசியும் பேனையும் அச்சும் வந்தபின் எழுத்தாணி நூதனசாலையில் ஒதுங்கிற்று. இன்று அது வேறொரு வடிவில் மேசைக்கு மீண்டிருக்கின்றது. மை இல்லாத முனை; எழுதினாலும் எழுத்துத் தோன்றாத பலகை; எழுதியது தோன்றுவதற்கு அப்பால் ஒரு கணினித் திரை. கடைக்காரர் 'டிரோயிங் டெப்லட்' என்று கூறும் இக்கருவியை வரைபலகை என்று வழங்கலாம்.

வரைபலகை வாங்க விரும்புவோர் பெரும்பாலும் முதலிற் கேட்பது, "எது நல்லது?" என்ற வினாவாகும். இவ்வினாவுக்கு விடை கூறக் கடைக்காரருக்கு நெடுநேரம் தேவைப்படாது. கண்ணாடிப் பெட்டிக்குள் மிக்க விலை குறித்த பொருளை அவர் சுட்டிக்காட்டுவார். எந்த வேலைக்கு, எந்தக் கைக்கு, எந்தப் பைக்கு என்ற மூன்று வினாக்களையும் சேர்த்துக் கேட்பவருக்கே பயனுள்ள விடை கிடைக்கும். கொழும்பில் வாழும் தமிழ் மாணவர் ஒருவருக்கு இம்மூன்றனுள் மூன்றாவது வினா ஏனைய இரண்டையும் அமுக்கிவிடுவதுண்டு. அவ்வாறு அமுக்கவிடாமல் மூன்றையும் ஒருங்கே நோக்குவது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

முதற்கண் இக்கருவியின் வரலாற்றையும் இயக்கத்தையும் சுருங்க நோக்குதல் நன்று. 1964 இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் உருவான பலகை இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. 10 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் கொண்ட அதன் பரப்பில், பேனை நின்ற இடத்தைப் பத்து இலட்சம் புள்ளிகளுள் ஒன்றாகக் கணினி அறிந்துகொண்டது. அப்பேனை கம்பியாற் பிணைக்கப்பட்டிருந்தது. 1983 இல் யப்பானில் தொடங்கப்பட்ட வாக்கொம் நிறுவனம், கம்பியும் பற்றரியும் வேண்டாத பேனையை வழக்கத்துக்குக் கொண்டுவந்தது. பலகையின் அடியில் நுண்ணிய கம்பிவலை ஒன்று பரவியிருக்கும். அது எழுப்பும் மின்காந்தப் புலம் பேனைக்குள் இருக்கும் சுருளைத் தொட, அச்சுருள் அதிர்ந்து மறுமொழி அனுப்பும். மறுமொழி வந்த இடத்தைக் கொண்டு முனையின் நிலையையும், அதன் மாற்றத்தைக் கொண்டு கையின் அழுத்தத்தையும் பலகை கணிக்கின்றது. பின்னாளிற் சீன நிறுவனங்கள் பலவும் இதேவகைப் பலகைகளைக் குறைந்த விலைக்குச் செய்யத் தொடங்கின. 2011 இல் ஷென்சென் நகரில் தோன்றிய ஹுயியொன் அவற்றுள் ஒன்று. பணம் படைத்த கலைக்கூடங்களின் உடைமையாயிருந்த கருவி மாணவரின் கைக்கும் எட்டும் நிலை இவ்வாறு உண்டாயிற்று.

எட்டும் என்பது கொழும்பில் எவ்வளவு எட்டும் என்பது வேறு விடயம். 2022 மார்ச் மாதத்தின் முன் ஓர் அமெரிக்க டொலருக்கு 200 ரூபா அளவில் நின்ற இலங்கை நாணயம், அவ்வாண்டு மே மாதமளவில் 360 ரூபா வரை வீழ்ந்தது. 60 டொலர் பெறுமதியான பலகை ஒன்றை எடுத்துக்கொள்வோர் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். 12,000 ரூபாவாயிருந்த அடக்கவிலை ஒரு சில வாரங்களில் 21,600 ரூபாவாயிற்று. பெறுமதிசேர் வரியும் 2022 இல் இருமுறை உயர்ந்து, 2024 சனவரி முதல் 18 சதவீதமாயிற்று. நாணயம் பின்னர் ஓரளவு தேறி 300 ரூபாவை அண்மித்தபோதிலும், பிழையான பொருளை வாங்கிவிட்டுப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்ற ஆறுதல் நடுத்தரக் குடும்பங்களுக்கு மீளவில்லை. தெரிவு ஒருமுறைதான், அது சரியாய் அமைதல் வேண்டும்.

கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியை அடுத்த ஒழுங்கை ஒன்றில் வாழும் கலைப்பீட மாணவி ஒருத்தியின் நிலை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். சிறுவயது முதற்கொண்டே கீறும் பழக்கம் உடையவள். பல்கலைக்கழகத்துக்கு வந்தபின் விழா மலர்களுக்கும், நண்பர் வெளியிட்ட இரண்டு கவிதை நூல்களுக்கும் அட்டைப்படம் வரைந்து கொடுத்தாள். கடதாசியில் வரைந்து, கைத்தொலைபேசியாற் படம்பிடித்து அனுப்புவதே அவள் அறிந்த முறை. வெள்ளைக் கடதாசி சாம்பல் நிறமாகவும் நேர்க்கோடு விளிம்பில் வளைந்தும் படத்தில் விழும். தலைப்பெழுத்தைக் கணினியின் மவுசினால் வரைய முயன்றாள். 'ழ' கரத்தின் சுழி சவர்க்காரக் கட்டியை வெட்டியது போலக் கோணிற்று. வேலை தந்த அச்சகத்தார் குறைசொல்லவில்லை. ஆயினும், "கணினியில் துப்பரவாகக் கீறித் தந்தால் மாதம் இரண்டு அட்டை தரலாம்" என்றார். ஓர் அட்டைக்கு 3,000 ரூபா. வெள்ளவத்தையில் இரு வீடுகளுக்குச் சென்று சாதாரண தரப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்து, 11 மாதங்களில் அவள் சேர்த்திருந்த தொகை 30,000 ரூபா. அதே தொகைக்கு வேறோர் உரிமையும் இருந்தது. உயர்தரம் படிக்கும் தம்பியின் வகுப்புக் கட்டணம் அடுத்த தவணைக்குக் கட்டவேண்டியிருந்தது.

வீட்டில் எதிர்ப்பு எழுந்தது தந்தையிடமிருந்து. அவர் எண்பதுகளின் இறுதியில், பதினாறு வயதில், அச்சகம் ஒன்றில் எழுத்துக் கோப்பவராய்ச் சேர்ந்தவர். ஈய எழுத்துகளை அறைப்பெட்டியிலிருந்து கண்ணால் நோக்காமலே எடுத்துக் கோக்கும் பயிற்சி அவர் விரல்களுக்கு இருந்தது. அச்சுக்கலை கணினிக்கு மாறியபோது அவ்வெழுத்துகள் பழைய ஈயமாய் நிறைக்கு விற்கப்பட்டன. அவர் நூற்கட்டுப் பகுதிக்கு மாறினார். ஆகவே மகளிடம் அவர் கேட்டது விலையைப் பற்றியதன்று.

"உந்தச் சாமான் எத்தனை வருஷத்துக்குப் பாவிக்கலாம், பிள்ளை? எங்கட எழுத்தை நிறுத்து வித்த மாதிரி இதையும் நிறுத்து விக்கிறதோ?"

"தெரியாது அப்பா. ஐஞ்சாறு வருஷம் உழைக்கும் எண்டு சொல்லுகினம். வித்தாலும் கீறப் பழகினது என்னோட நிக்கும்தானே."

அவர் மறுமொழி கூறவில்லை. தம்பியின் கட்டணத்துக்கு 12,000 ரூபாவை ஒதுக்கிவிட்டு, எஞ்சிய 18,000 ரூபாவுக்குள் எது கிடைக்குமோ அதைப் பார் என்று மட்டும் பின்னர் தாயிடம் கூறினார். எல்லை இவ்வாறு வகுக்கப்பட்டது. ஓர் எல்லை வகுக்கப்பட்டபின்னரே தெரிவு என்னும் செயல் தொடங்குகின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

சந்தையில் உள்ள வரைபலகைகள் மூவகைப்படும். திரையற்ற பலகை முதல்வகை. கை பலகையில் இயங்க, கண் கணினித் திரையை நோக்கும். திரையுள்ள பலகை இரண்டாம்வகை. அதன் திரைமீதே வரையலாம், எனினும் அதனை இயக்கக் கணினி ஒன்று வேண்டும். தானே கணினியாய் இயங்கும் ஐபேட் போன்றவை மூன்றாம்வகை. இவற்றுக்குரிய பேனை பெரும்பாலும் தனியே விலைகொடுத்து வாங்கவேண்டியது. முதல்வகையிலிருந்து இரண்டாம்வகைக்குச் செல்லும்போது விலை பொதுவாக மூன்று, நான்கு மடங்காகும். கண்ணும் கையும் ஓரிடத்தே கூடும் வசதிக்கே அவ்வளவு விலையும் கொடுக்கப்படுகின்றது. அவ்வசதி பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயின் அதனோடு வேறு சில சுமைகளும் வந்துசேரும்.

அச்சுமைகளை மாணவி வெள்ளவத்தையிலே கண்டாள். காலி வீதித் தொடர்மாடி ஒன்றில் வாழும் அவள் பெரியம்மாவின் மகனுக்கு, ரொறன்ரோவில் இருக்கும் மாமனார் ஒருவர் திரையுள்ள பலகை ஒன்றை அன்பளிப்பாய் அனுப்பியிருந்தார். அழகிய பொருள். ஓராண்டு நன்றாய் இயங்கிற்று. பின்னர், படத்துக்கும் மின்சாரத்துக்கும் தரவுக்குமாக மூன்று தலை பிரிந்த அதன் கம்பி பழுதாயிற்று. உத்தரவாதம் வாங்கிய நாட்டில் மட்டுமே செல்லும். அதே கம்பியோ கொழும்பில் இலகுவிற் கிடைக்கவில்லை. கடற்காற்று உலாவும் அவ்வறையில் பலகை அலுமாரியின் மேல் துணியால் மூடிக் கிடந்தது. "இதை நீயே எடுத்துக்கொண்டு போ" என்றான் அண்ணன். கம்பிக்கும், அதனைத் தாங்கும் ஆற்றலுள்ள மடிக்கணினிக்கும் ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்த மாணவி, இலவசமாய்க் கிடைத்த பொருளே மிக்க விலையுடையதாவதைக் கண்டு மறுத்துவிட்டாள்.

மின்சாரமும் நோக்கத்தக்கது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிலவிய நாடு இது. திரையற்ற பலகைக்கு வேண்டிய சிறிதளவு மின்னை மடிக்கணினியே கொடுத்துவிடும். விளக்கணைந்த வீட்டிலும் மடிக்கணினியின் பற்றரி தீரும்வரை வேலை நடக்கும். திரையுள்ள பலகைகள் பலவற்றுக்குத் தனிமின்னிணைப்பு வேண்டும். அந்நாள்கள் கழிந்துவிட்டனவாயினும், வேலையைக் குறித்த நாளில் ஒப்படைத்து உழைக்க விரும்புபவர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் தகும்.

ஆகவே திரையற்ற பலகை என்பது தெளிவாயிற்று. அடுத்தது அளவு. கடைகளில் காணும் சிறிய பலகைகளின் வரையும் பரப்பு 152 மில்லிமீற்றர் நீளமும் 95 மில்லிமீற்றர் அகலமும் கொண்டதாய், அஞ்சலட்டை ஒன்றின் அளவினதாய் அமையும். நடுத்தரப் பலகைகள் 10 அங்குல நீளமும் 6¼ அங்குல அகலமும் கொண்டவை. பலகையின் பரப்பு முழுவதும் திரையின் பரப்பு முழுவதற்கும் ஈடாக்கப்படுவதால், பலகை சிறிதாயின் கையின் சிறுபிழையும் திரையிற் பெரிதாகும். 14 அங்குல மடிக்கணினியின் திரை ஏறத்தாழ 31 சென்ரிமீற்றர் அகலமுடையது. சிறிய பலகையில் கை ஒரு சென்ரிமீற்றர் நகர்ந்தால் திரையிற் கோடு 2 சென்ரிமீற்றர் ஓடும். நடுத்தரப் பலகையில் 1¼ சென்ரிமீற்றர் அளவே ஓடும். 24 அங்குலத் திரையொன்றைச் சிறிய பலகையோடு இணைப்பின் ஒன்று மூன்றரையாகும். மணிக்கட்டால் எழுதுவோர்க்குச் சிறியது போதும். முழங்கையை அசைத்து நீண்ட கோடு இழுப்போர்க்கு அது கூண்டாகிவிடும்.

வெள்ளவத்தையிற் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் சிறிய பலகையோடு பல ஆண்டுகளாய் நிறைவாயிருக்கிறார். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் இணையத்துக்கு மாறியபோது வாங்கியது அது. சமன்பாடுகளை வரிவரியாய் எழுதவும், ஒரு முக்கோணத்தைக் கீறிக் காட்டவும் மணிக்கட்டின் அசைவே போதுமானது. புத்தகங்கள் நிறைந்த அவர் மேசையில் பெரிய பலகைக்கு இடமுமில்லை. அவர் தம் கருவியை மாணவியிடம் ஒரு வாரம் இரவலாய்க் கொடுத்தார். எழுதுவதற்கு அது எளிதாயிருந்தது. அட்டைப்பட வேலைக்கு முற்பட்டபோது, ஒரு கிளையை அடியிலிருந்து நுனிவரை ஒரே மூச்சில் இழுக்க முடியாமல் மூன்று துண்டாய் ஒட்டவேண்டியிருந்தது. ஒருவருக்கு முற்றிலும் பொருந்திய கருவி மற்றொருவருக்குப் பொருந்தாமற் போவதற்கு, கருவியின் தரம் எவ்வகையிலும் காரணமன்று என்பதை அவள் அவ்வாரத்தில் உணர்ந்தாள்.

அளவைப் பற்றிய ஐயத்தைத் தீர்த்துவைத்தவர் தந்தையே. ஒருநாள் இரவு அவர் தாம் கட்டிய நூலொன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஏ5 அளவினது. 148 மில்லிமீற்றர் அகலம், 210 மில்லிமீற்றர் உயரம். ஈழத்துத் தமிழ் நூல்கள் பல இவ்வளவிலேயே வெளிவருகின்றன.

"நீ கீறப்போறது இந்த அளவுக்கு. பலகையும் இந்தளவைத் தாங்கவேணும். அளவுப்படி கீறிப் பழகினவனுக்குத்தான் அச்சில என்ன வரும் எண்டு தெரியும்."

10 அங்குலத்தை மில்லிமீற்றரில் மாற்றினால் 254. 6¼ அங்குலம் 159. நூலைக் கிடையாக வைத்தால் அதன் முழுப்பக்கமும் நடுத்தரப் பலகைக்குள் அடங்கியது. சிறிய பலகையில் பாதியும் அடங்காது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. மின்காந்தப் புலம் மெல்லிய கடதாசியை ஊடுருவிச் செல்லும். எனவே பென்சிலால் வரைந்த மாதிரியைப் பலகைமேல் ஒட்டி, திரையிலும் பக்கத்தைக் கிடையாகத் திருப்பிவைத்து, அதன்மீதே பேனையை ஓட்டிப் படத்தைக் கணினிக்குள் கொண்டுவரலாம். கடதாசியிற் பழகிய கைக்கு இது பெருந்துணை. அச்சகத்தின் அனுபவமும் புதிய கருவியும் இவ்வாறு ஓரிடத்தே சந்தித்தன.

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாஸாவிற்குச் சென்றபோது கடைக்காரர் எடுத்துரைத்தது அழுத்தநிலைகளைப் பற்றி. "இது 8,192 லெவல் தங்கச்சி, இது 16,384" என்றார். அழுத்தநிலை என்பது, மெல்லத் தொடுவதற்கும் முழுமூச்சாய் அழுத்துவதற்கும் இடையே கருவி வேறுபடுத்தி அறியும் படிகளின் எண்ணிக்கையாகும். 2,048 படிகளுள்ள பலகையிலேயே தேர்ந்த ஓவியர் பலர் நல்ல படங்களை வரைந்துள்ளனர். அதற்கு மேற்பட்ட படிகளைக் கை பிரித்தறிதல் அரிது. கையால் உணரக்கூடியது வேறொன்று. எவ்வளவு மெல்லத் தொட்டால் கோடு தோன்றத் தொடங்குகிறது என்பதே அது. தொடக்க அழுத்தம் மிகுதியாய் வேண்டும் பலகையில், சுழியின் மெல்லிய தொடக்கமும் வாலின் மெல்லிய முடிவும் தோன்றாமலே போய்விடும். தமிழெழுத்தை எழுதுவோர்க்கு இக்குறை பெருங்குறையாகும். தமிழெழுத்தின் அழகில் பாதி அத்தொடக்கத்திலும் முடிவிலுமே தங்கியிருக்கின்றது. இதனை எந்தப் பெட்டியும் பெரிய எழுத்திற் பொறித்திருப்பதில்லை.

ஆகவே கடையிலே சோதித்துப் பார்த்தல் இன்றியமையாதது. அதற்கு நான்கு முயற்சிகள் போதும். முதலாவது, அடிமட்டத்தைச் சாய்வாக வைத்து மிக மெதுவாகக் கோடு இழுத்தல். கோடு அலையலையாய் நடுங்கினால் பலகையின் நுட்பம் குறைவு. இரண்டாவது, 'ஞ', 'ணை', 'ழ', 'ஓ' ஆகிய எழுத்துகளை வழக்கமான வேகத்தில் எழுதுதல். சுழிகள் கோணல்மாணலாகவோ பிந்தியோ தோன்றுமாயின் பேனையின் நிலையைக் கருவி விரைந்து வாசிக்கவில்லை என்று அறியலாம். மூன்றாவது, ஒரு வட்டம் வரைதல். அது முட்டைவடிவம் கொள்ளுமாயின் பலகையின் நீள அகல விகிதமும் திரையின் விகிதமும் ஒவ்வவில்லை என்பது பொருள். இதனை இயக்குமென்பொருளிற் சரிசெய்யலாம். ஆகையால் அதற்காகப் பலகையை ஒதுக்கவேண்டியதில்லை. நான்காவது, பரப்பு முழுவதையும் நெருக்கமான கோடுகளால் நிரப்புதல். இடையே கோடு அறுந்தால் அவ்விடம் செயலிழந்தது. பழைய பலகை வாங்குவோர் இந்நான்காவதை ஒருபோதும் கைவிடலாகாது. இடக்கைப் பழக்கமுடையோர், பலகையைத் திருப்பிவைத்துப் பாவிக்கும் அமைப்பு அதில் உண்டா என்று கேட்டறிதல் வேண்டும், பெரும்பாலானவற்றில் உண்டு.

மாணவி இரண்டு பலகைகளைச் சோதித்தாள். புகழ்பெற்ற பெயர்கொண்ட சிறிய பலகை ஒன்று; அத்துணைப் பெயர்பெறாத நிறுவனத்தின் நடுத்தரப் பலகை ஒன்று. இரண்டும் அவளது 18,000 ரூபாவுக்குள் அடங்கியவை. முதலாவதன் தொடக்கம் மென்மையானது. கோடு இழைபோல் வந்தது. இரண்டாவதன் தொடக்கத்துக்குச் சற்றே அழுத்தம் வேண்டியிருந்தது. ஆயினும் சாய்கோடு நடுங்கவில்லை. 'ழ' கரத்தின் சுழி சிதையவில்லை. பையிலிருந்த ஏ5 கடதாசி அதன்மேற் சரியாய்ப் பொருந்திற்று. பெயருக்கும் அளவுக்கும் இடையே அவள் நெடுநேரம் தடுமாறினாள். முடிவிற் செய்யவிருக்கும் வேலையே தீர்ப்பளித்தது. உள்ளூர் உத்தரவாதம் ஓராண்டு என்று பற்றுச்சீட்டில் எழுதுவித்து, மாற்று முனைகள் கிடைக்குமா என்றும் கேட்டறிந்தபின், அவள் நடுத்தரப் பலகையை வாங்கினாள். முனை தேய்ந்துபோகும் பொருள். சொரசொரப்பான பரப்பில் விரைந்து தேயும். ஒரு நிறுவனத்தின் பேனை மற்றொரு நிறுவனத்தின் பலகையில் பொதுவாக இயங்குவதில்லை. ஆகவே முனையும் பேனையும் கிடைக்காத பலகை, எத்துணை மலிவாயினும், நாளடைவில் வெறும் பலகையே.

மென்பொருளுக்கு அவள் ஒரு சதமும் செலவிடவில்லை. வரைவதற்குக் கிரீட்டா, படங்களைத் திருத்துவதற்கு 1996 முதல் வழக்கிலுள்ள கிம்ப், எழுத்துருவங்களைத் தெளிந்த விளிம்போடு அமைப்பதற்கு 2003 இல் தோன்றிய இங்க்ஸ்கேப் ஆகிய மூன்றும் கட்டணமின்றிக் கிடைப்பவை. விலைமிக்க மென்பொருளின் களவுப் பிரதியை நாடவேண்டிய தேவை மாணவருக்கு இல்லை என்பதை இங்கு குறிப்பிடுதல் தகும். மடிக்கணினி இல்லாதோரும் முற்றாக மனந்தளர வேண்டியதில்லை. சில பலகைகள் அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியோடும் இணைபவை. தமது தொலைபேசியின் மாதிரி அவற்றுள் அடங்குமா என்பதைக் கடையிலேயே இணைத்துப் பார்த்தல் வேண்டும். பெட்டியின் வாசகத்தை மட்டும் நம்புதல் ஆகாது.

பலகை வீட்டுக்கு வந்த முதற் பத்து நாள்களும் துன்பமானவை. கை ஓரிடத்திலும் கண் வேறோரிடத்திலும் நிற்க, எழுத்துகள் அரிவரி வகுப்புப் பிள்ளையின் கையெழுத்துப் போல் சாய்ந்தன. "பதினெட்டாயிரம் கடலுக்க போச்சு" என்று தம்பி நகைத்தான். அவள் படம் வரைவதை நிறுத்திவைத்து, நாள்தோறும் அரைமணிநேரம் உயிரெழுத்துகளையும் வட்டங்களையும் மட்டுமே எழுதினாள். இரண்டாம் வார இறுதியில் கண் கையைத் தேடுவதை விட்டது. திரையற்ற பலகை வாங்குவோர் இப்பத்து நாளையும் விலையின் ஒரு பகுதியாய்க் கருதவேண்டும். அதனைச் செலுத்த விரும்பாதோர் பலகை பழுது என்று கருதி மூலையில் வைத்துவிடுகின்றனர்.

மூன்றாம் மாதத்தில் அச்சகம் ஓர் அட்டையை ஏற்றுக்கொண்டது. அச்சேறிய படிகள் நூற்கட்டுப் பகுதிக்கு வந்தபோது தந்தை ஒரு படியை எடுத்துத் தலைப்பெழுத்தை விளக்கொளியிற் பிடித்துப் பார்த்தார். "'ழ'வின்ர வால் கொஞ்சம் நீளம்" என்றார். அடுத்த அட்டையில் அது குறைந்தது. மாதம் இரண்டு அட்டை என்ற வாக்கு எல்லா மாதமும் நிறைவேறவில்லை. எனினும் ஆறு அட்டைகளோடு பலகையின் விலை மீண்டது; தம்பியின் அடுத்த தவணைக் கட்டணத்தில் ஒரு பங்கும் அவ்வழியே வந்தது. பெருஞ்செல்வம் என்று கூறத்தக்கதன்று. ஆயினும் கடன்படாமல் வாங்கிய கருவி தன் விலையைத் தானே உழைத்துத் தந்தது என்பது அவ்வீட்டில் ஒரு சிறிய செய்தியன்று.

இவ்வொருத்தியின் தெரிவு எல்லார்க்கும் விதியாகாது. குறிப்பெழுதவும் வகுப்பெடுக்கவும் விரும்புவோர் சிறிய பலகையோடு அமைதல் அறிவுடைமை; மிச்சமாகும் பணத்துக்கு வேறு பயன் உண்டு. அசைபடத் துறையில் முழுநேரமாய் உழைப்போர்க்கு, நாள் முழுவதும் கண்ணும் கையும் ஒன்றாய் இயங்கும் திரையுள்ள பலகை வீண்செலவாகாது. அவர்தம் நேரமே பணமாகும். பேருந்திலும் விடுதியிலும் வரைவோர்க்குத் தானே இயங்கும் கருவி ஏற்றது. ஆயின் அதன் பற்றரி காலத்தோடு தளரும் என்பதையும், பேனையின் விலை தனி என்பதையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். இவற்றுள் எதுவெனத் துணிய முன்னர், தாம் செய்யவிருக்கும் வேலையை ஒரு கடதாசியில் எழுதுதல் நன்று. எவ்வளவில் வரைவது, எங்கே வைத்து வரைவது, யாருக்காக வரைவது, அதிலிருந்து வருவாய் எதிர்பார்ப்பது எவ்வளவு என்ற நான்கினையும் எழுதினால், கண்ணாடிப் பெட்டியிலுள்ள பொருள்களில் முக்காற்பங்கு தாமாகவே விலகிவிடும்.

'சிரித்திரன்' இதழை நடத்திய சிவஞானசுந்தரத்தின் கேலிச்சித்திரங்களை இன்றும் நினைவுகூருவோர், அவர் எந்தப் பேனையால் வரைந்தார் என்று வினவுவதில்லை. சவாரித்தம்பரின் உருவமே அவர்கள் மனத்தில் நிற்கின்றது. ஆயினும் அவருக்கும் ஒரு பேனை இருந்தே இருக்கும். அது அவர் கைக்கு இசைந்ததாகவே இருந்திருக்கும். வரைபலகை வாங்கப் புறப்படும் மாணவர், பெட்டியிலுள்ள எண்களை மனனம் செய்துகொண்டு போவதிலும், தம் கையால் வரைந்த கடதாசி ஒன்றையும் ஓர் அடிமட்டத்தையும் பையிலிட்டுச் செல்வது மேலாகும். கடையிற் கேட்கவேண்டிய வினாக்களுட் பெரும்பாலானவற்றை அவையிரண்டுமே கேட்டுவிடும்.